சித்தியின் நிரைக்குள்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருந்தவர்கள் நான்கு பேர்: சித்தி, ஜீப் ஓட்டும் மாமா, பாக்டரியில் வேலை பார்க்கும் பெரியம்மா மகன் அண்ணன், நான். வராதவர் அண்ணனின் மனைவி. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மதினி அடிமாலி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். மற்ற நாளாக இருந்தால் ஒருவர் குறைவது பெரிய விஷயமில்லை. ஆனால் எங்கள் விளையாட்டில் காயத்துக்கு மருந்து போடும் வைத்தியச்சி மதினிதான். அவர் இல்லாத நாளில்தான் கதை, கொள்ளைக்காரர்கள் காவல் நின்ற பாலத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

நான் எர்ணாகுளத்தில் படித்தபோது ஹாஸ்டலில் கற்றுக்கொண்ட விளையாட்டு அது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். வெட்டு பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அங்கிருந்து எதையாவது வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற தவிப்பில் இதைக் கொண்டுவந்தேன். பூப்பாறைக்கு மேலே எஸ்டேட் ஆட்களின் வரிசை வீடுகளான லயத்தில், சித்தி வீட்டு முன்னறையில், அரிசி டிரம்மின் மேல் பலகை போட்டு ஆடினோம். சித்திக்கு எழுத்து வராது. அதனால் அவருடைய தாளில் உயிர்ப்புள்ளிகளைப் பென்சிலால் தேயிலைக் கொழுந்துகளாக வரைந்து கொடுத்திருந்தேன். அடி விழ விழ ஒவ்வொன்றாக ரப்பரால் அழிப்பார். அவருடைய பாத்திரம் கேடயம் ஏந்திய வேலாயி. எட்டு மாதமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த ஆள். செத்தால் செத்ததுதான், தாளைக் கிழித்துவிட வேண்டும் என்பது நான் வைத்த விதி.

பாலத்தில் தலைவனோடு சேர்த்து நான்கு கொள்ளைக்காரர்கள். சண்டை தொடங்கியதும் இவர்கள் மூவரும் வழக்கம்போல ஆளுக்கொருவனைப் பிரித்துக்கொண்டார்கள். இந்த விளையாட்டை ஆடுகிற எவரும் முதலில் கற்றுக்கொள்வது இதற்கு நேர் எதிரானது. பாதி உயிர் போனவனும் முழு பலத்தோடுதான் வெட்டுவான். ஆகவே எல்லோரும் சேர்ந்து முதலில் ஒருவனை வீழ்த்த வேண்டும். அடுத்த சுற்றில் ஒரு வெட்டு குறையும். இவர்களுக்கு அது தோன்றவே இல்லை. கொழுந்து எடுக்கும் காட்டில் செடி வரிசைகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுப்பார்கள், அதுதான் நிரை. அடுத்தவர் நிரையில் கை வைப்பது அவருடைய கொழுந்தைத் திருடுவதற்குச் சமம். மாமா ஜீப்புக்குப் போனாலும், அண்ணன் பாக்டரிக்குப் போனாலும், இருவருமே அந்த நிரைகளுக்கு நடுவே வளர்ந்தவர்கள். எனக்கு இது புரிந்திருந்தது. ஆனாலும் சொல்லவில்லை. கதை நடத்துபவன் ஆட்டக்காரர்களுக்கு வழி காட்டக் கூடாது என்று படித்திருந்தேன். படித்ததை மீறத் தெரியாத பிள்ளை நான். எதிரிகளைப் புத்தியோடு ஆட வேண்டும் என்றும் படித்திருந்தேன். தலைவனையும் சித்தி பக்கமே அனுப்பினேன்.

இரண்டு சுற்று முடிந்தது. கொள்ளைக்காரர்களில் காயம் படாதவன் இல்லை, விழுந்தவனும் இல்லை. சித்தியின் தாளில் இரண்டே கொழுந்து மிச்சம். அடுத்த சுற்றில் வேலாயி போய்விடுவாள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. மாமா வழக்கம்போலக் கேலியை எடுத்தார். "யக்கா, அடிமாலி பஸ்ஸு வந்து மருமக எறங்குற வரைக்கும் கேடயத்துக்குள்ளயே குத்தவச்சிரு." அண்ணன், தான் வேண்டுமானால் வரட்டுமா என்று கேட்டார். தன் எதிரியை விட்டு நகரும் எண்ணம் அவர் குரலில் இல்லை.

"வேணாம்யா. எந் நெரைய நாம் பாத்துக்கிடுதேன்," என்றார் சித்தி.

பிறகு ரப்பரைக் கையில் உருட்டியபடி, தாளைப் பார்த்தே என்னிடம் பேசினார். "கால் ஒடிஞ்சு காட்டுல கெடந்தேம்லா, அன்னைக்கும் கொழுந்து நிறுக்குற வரைக்கும் யாரும் வரல. பக்கத்து நெரையில உங்கம்மாதான் நின்னா. அவளக் குத்தம் சொல்ல முடியாது. நானும் கூப்பிடலயே."

மழைக்காலத்தில் சித்தி வழுக்கி விழுந்ததும், கால் ஒடிந்ததும் எங்களுக்குத் தெரியும். எவ்வளவு நேரம் செடிகளுக்கு இடையே கிடந்தார் என்பது தெரியாது. அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. சித்தியும் அன்றுவரை சொன்னதில்லை.

மாமா பகடையைப் பலகையில் வைத்தார். தன் எதிரியை விட்டுவிட்டு அக்காவிடம் போவதாகச் சொன்னார். நான் விதியைச் சொல்ல வேண்டியிருந்தது: எதிரே நிற்பவனை விட்டு விலகினால் அவன் முதுகில் ஒரு வெட்டு வெட்டுவான், தடுக்க முடியாது.

"வெட்டட்டும்லே," என்றார் மாமா.

அண்ணனும் கிளம்பினார். அந்த இரண்டு வெட்டுக்கும் என் நோட்டின் மறைவில் பகடை உருட்டியது நான். விழுந்த எண்ணைக் குறைத்துச் சொல்லலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் அவர்கள் தெரிந்துதான் போகிறார்கள். அதைக் குறைக்க எனக்கு உரிமையில்லை என்று பட்டது. விழுந்ததைச் சொன்னேன். இருவரும் சித்திக்கு முன்னால் வந்து நின்றதால் அவர் மேல் வெட்டு விழ வழியில்லாமல் போயிற்று. மூவரும் சேர்ந்து அடித்ததில் தலைவன் அந்தச் சுற்றிலேயே சரிந்தான். அடுத்த சுற்றில் இன்னொருவன். மிச்சமிருந்த இருவரையும் ஓடவிட்டேன். கொள்ளைக்காரனுக்கும் உயிர் ஆசை உண்டு.

சித்தி தாளை நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டார்.

அடுத்த வருடம் ஓய்வு வயது வந்து அவருக்கு வேலை முடிந்தது. வேலை முடிந்தால் லயத்து வீட்டையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இப்போது போடியில் மகளோடு இருக்கிறார். நான் கொச்சியில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமைகளில் இந்த விளையாட்டை நடத்துகிறேன். வருகிறவர்கள் கெட்டிக்காரர்கள். முதல் சுற்றிலேயே எல்லோரும் ஒருவன் மேல் பாய்ந்து, சிராய்ப்பு கூடப் படாமல் ஜெயித்துவிடுகிறார்கள். சண்டையை எப்படி நடத்த வேண்டும் என்று புதிதாகக் கதை நடத்த வருகிறவர்கள் என்னைக் கேட்பார்கள். எதிரிக்கும் புத்தி கொடுங்கள், தப்பி ஓட வழி வையுங்கள், பகடையை மறைக்காதீர்கள் என்று தெரிந்ததைச் சொல்வேன். அந்தப் பாலத்தை மட்டும் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எண்ணிக்கை மறக்கவில்லை. சித்தியிடம் போய்ச் சேர மாமாவுக்கு ஏழு உயிர்ப்புள்ளி போயிற்று, அண்ணனுக்கு ஐந்து. மொத்தம் பன்னிரண்டு.