மெதுவாகப் போகத் தெரியாத சாலி

சண்டிலிப்பாயில் ஒருவர் செத்துப்போனால் அதை ஊருக்குச் சொல்லுகிறவன் சுபாஸ்கரன். ஓட்டோவின் கூரையில் இரண்டு ஒலிபெருக்கிகளைக் கட்டிக்கொண்டு சந்து பொந்து விடாமல் ஒழுங்கை ஒழுங்கையாகப் போவான். குசினிக்குள் புட்டு அவிக்கிற மனுசிக்கும் தோட்டத்தில் புகையிலைக்குத் தண்ணி கட்டுகிற மனுசனுக்கும், இறந்தவரின் பேர், பிள்ளைகள் இருக்கிற நாடுகள், மச்சான்மாரின் பேர், கிரியை நேரம் எல்லாம் கேட்டு முடியவேண்டும். அதற்கு நடை வேகத்துக்கு மேலே போகக்கூடாது. அவன் போனதுமில்லை. சைக்கிளில் வருகிற கிழவர்கள் அவனை முந்துவார்கள். ஒருமுறை ஒரு தாரா வாத்துத் தன் குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு முந்தியது.

நாற்பது வயது. நல்ல கனத்த குரல். சந்தையில் அரைக்கிலோ தக்காளி கேட்டாலும் பக்கத்தில் நிற்கிறவர்கள் ஒருகணம் தலை குனிவார்கள். ஆனால் மனம் முழுக்க வேகம். செத்தவீட்டுக்காரர் அறிவித்தலை எழுதி முடிக்கும்வரை வாசல் படலையடியில் நின்று, போனில் மோட்டார் சைக்கிள் போட்டிகளைச் சத்தத்தைக் குறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒருநாள் உடுவிலில் இருந்து விளையாட்டுக் கழகச் செயலாளர் கஜானன் ஒரு அறிவித்தலோடு வந்தான். 'ட்ராக் (drag) ரேஸ்' என்பதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி 'மாபெரும் இழுவைப் போட்டி' என்று எழுதியிருந்தான். சுபாஸ்கரன் அதை வாசித்துக்கொண்டு போக, ஒரு கமக்காரர் மறித்து, "மாட்டை நாங்களே கொண்டு வாறதோ, நீங்கள் தருவியளோ?" என்று கேட்டார்.

"மாடில்லை அண்ணை. ரெண்டு மோட்டார் சைக்கிள் பக்கத்திலை பக்கத்திலை நிண்டு, நானூறு மீற்றரை ஆர் முதல் முடிக்கிறது எண்டு."

அவருக்குச் சொல்லிவிட்டு அடுத்த வரியை வாசித்தான். "சாலி வகுப்பு. வண்டி சாலியாக இருத்தல் வேண்டும். எஞ்சினுக்குள் என்ன இருக்கிறது என்பது போட்டியாளரின் விருப்பம்."

வாசித்தவன் மைக்கை நிற்பாட்டினான். யாழ்ப்பாணத்தில் சாலி இல்லாத வீடு எது? பெண்களும் வயதானவர்களும் சந்தைக்கும் கோயிலுக்கும் ஓடுகிற, சின்னச் சில்லு வைத்த குட்டி மோட்டார் சைக்கிள். அவனுடைய வீட்டிலும் ஒன்று நின்றது. ஆனால் அது மனைவி வினோஜாவுடையது. உடுவிலில் பாலர் பாடசாலை ஆசிரியையாக இருக்கிற அவள் அதில்தான் வேலைக்குப் போய் வந்தாள்.

"எஞ்சின் புகைக்குதெண்டு நீர்தானே சொன்னனீர். திருத்தித் தாறன்," என்றான்.

"திருத்திறதோ, வேறை ஏதும் செய்யிறதோ?"

"திருத்திறதுதான். கொஞ்சம் கூடத் திருத்துவன்."

சாலியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு மயிலிட்டிக்குப் போனான். அங்கே படகு எஞ்சின் திருத்துகிற சூசைதாசன் அவனுடைய வகுப்புத் தோழன். மயிலிட்டிச் சனம் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் இரண்டு பேரும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். ஊர் இராணுவத்திடமிருந்து விடுபட்டதும் சூசைதாசன் போய்த் துறைமுகத்துக்குக் கிட்டப் பட்டறை போட்டுவிட்டான்.

"ஸ்ட்ரோக்கர் செய்வம் மச்சான்," என்றான் சுபாஸ்கரன், போனில் பார்த்த சொல்லை அழுத்தி.

சூசைதாசன் எஞ்சினைத் திறந்தான். ஸ்ட்ரோக்கர் என்றால் பெரிய மந்திரமில்லை. பிஸ்டனை ஏற்றி இறக்குகிற கிராங்கை வீச்சுக் கூடினதாகப் போட்டால் பிஸ்டன் முன்னையிலும் உயர ஏறி, முன்னையிலும் ஆழ இறங்கும். ஒவ்வொரு தடவையும் கூடுதலான காற்றும் பெற்றோலும் உள்ளே போகும். எஞ்சின் கூடுதலாக இழுக்கும்.

"அப்ப கிராங்கை மட்டும் வாங்குவம்."

"கிராங்கை மட்டும் போட்டா பிஸ்டன் சிலிண்டருக்கு வெளியாலை எட்டிப்பார்க்கும். பிஸ்டன் பின் பூட்டிற ஓட்டை மேலை ஏறின பிஸ்டன் வேணும்."

"சரி, அதையும் வாங்குவம்."

"அந்தப் பிஸ்டனுக்கு அகலமான சிலிண்டர். சிலிண்டர் இருக்கிறதுக்கு எஞ்சின் கூட்டைக் கடைய வேணும். கனெக்டிங் ரொட் அடியிலை முட்டும், அதுக்கும் அராவ வேணும். உந்த இழுவைக்கு இப்ப இருக்கிற கிளச் காணாது."

சுபாஸ்கரனுக்குத் தலை சுற்றினாலும் உள்ளுக்குள் பெரிய சந்தோசம். தாய்லாந்தில் இருந்து சாமான்கள் ஒவ்வொன்றாக வந்தன. வேலை செய்யாத நேரமெல்லாம் மயிலிட்டியில் கிடந்தான். வினோஜா செத்தவீட்டு ஓட்டோவில் பாடசாலைக்குப் போனாள். பாலர்கள் அவளைக் கண்டதும் "ஆர் செத்தது ரீச்சர்?" என்று கேட்டார்கள்.

வால்வு பிஸ்டனில் முட்டுமா என்று பார்க்க, பிஸ்டன் தலையில் களிமண் வைத்து எஞ்சினைக் கையால் ஒருமுறை சுற்றவேண்டும் என்றான் சூசைதாசன். சுபாஸ்கரன் மனைவியின் பையில் இருந்து, பாலர்கள் உருவம் பிடிக்கிற பச்சைக் களியை எடுத்துவந்தான். திறந்து பார்த்தபோது களியில் வால்வு பதிந்திருந்தது, ஆனால் அடியில் போதுமான தடிப்பு இருந்தது. இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். பக்கத்திலேயே ஒரு முயலின் காதும் கிடந்தது. அது யாரோ ஒரு பிள்ளை உருட்டின முயல் என்பதை வினோஜா பின்னர் சொன்னாள், பல தடவை சொன்னாள்.

கடைசியில் இரண்டு சாமான்களில் பிணக்கு வந்தது. ஒன்று பெற்றோலைக் காற்றோடு கலந்து விடுகிற காபரேற்றர், மற்றது வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம்.

"நானூறு மீற்றர்தான் மச்சான். கொடி விழுந்த உடனை ஆர் பாயிறானோ அவன்தான் வெல்லுவான். கீழ் வேகத்திலை இழுவை வேணும். காபரேற்றர் சின்னனாப் போடு, கேமும் மட்டாப் போடு," என்றான் சூசைதாசன்.

"பெரிசு இருக்கேக்கை ஆரும் சின்னனை வாங்குவினமோ? நான் வாழ்க்கை முழுக்க மெதுவாப் போனவன். எனக்கு இருக்கிறதிலை பெரிசு வேணும்."

"உன்ரை வண்டி. உன்ரை விருப்பம்."

பெரியதையே போட்டார்கள். எஞ்சின் முதன்முதல் ஸ்ரார்ட் வந்தபோது பட்டறைக் கூரையில் இருந்த காகங்கள் துறைமுகப் பக்கம் போய்விட்டன. ஒரே ஒரு குறை. முறுக்கிப் பிடித்தால் பறந்தது. கையை இளக்கினால் நின்றுவிட்டது. நடுவிலே எதுவும் அதற்குத் தெரியாது.

வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாட் காலை பக்கத்து ஒழுங்கைத் தம்பிஐயா காலமானார். பின்னேரமே கிரியை. அறிவித்தலை வாங்கிக்கொண்டு சுபாஸ்கரன் ஓட்டோவை எடுக்க, அச்சு முறிந்து பின்சில்லு சரிந்து நின்றது. செத்தவீட்டுக்காரர் கையைப் பிசைந்தார்கள். வேறு ஒலிபெருக்கிக்காரன் சங்கானையில் ஒரு திருவிழாவில் நின்றான்.

"சாலியிலை போறன்," என்றான்.

"இஞ்சாருங்கோ, வேண்டாம்," என்றாள் வினோஜா.

ஒரு ஒலிபெருக்கியைப் பின்னுக்குக் கட்டி, பற்றறியையும் அம்பிளிபயரையும் கால் வைக்கிற இடத்தில் கட்டி, மைக்கைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டான். மெதுவாகத்தான் போக நினைத்தான். முதல் வளைவிலேயே நின்றது. உதைத்து ஸ்ரார்ட் பண்ணினான், அது திருப்பி உதைத்தது. மூன்றாந்தரம் நின்றபோது அவனுக்குக் கோபம் வந்து, முறுக்கிப் பிடித்தான்.

அதன்பிறகு சண்டிலிப்பாய் கேட்டது இதுதான். ஒரு ஒழுங்கைக்கு, "சண்டிலிப்பாயைப் பிறப்பிடமாக—" அடுத்த ஒழுங்கைக்கு, "கனடாவைச் சேர்ந்த—" சந்திக்கு, "இரண்டு மணிக்குத் தகனம்—" அறிவித்தலில் தம்பிஐயாவின் மச்சான்மார் வரிசையில் இளைப்பாறிய தபாலதிபர் முத்துக்குமாருவின் பேரும் இருந்தது. முத்துக்குமாரு வீட்டு ஒழுங்கைக்கு அந்தப் பேர் விழுந்தது. பிறகு எஞ்சின் உறுமியது. பிறகு "காலமானார்" விழுந்தது.

ஊரை முடித்துத் திரும்பி வந்த சுபாஸ்கரன், முத்துக்குமாருவின் படலையடியில் சனம் நிற்பதைக் கண்டு கையை இளக்கினான். சாலி அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. இரண்டு பெண்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். ஒருவன் படலையில் செத்தவீட்டுத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தான். வேலிப் பிணக்கில் வருசக்கணக்காக முகம் பாராத பக்கத்து வீட்டுக்காரர் எல்லாருக்கும் முன்னே நின்று, "தங்கமான மனுசன்! ஒரு எறும்புக்கும் தீங்கு நினையாதவர்!" என்று நெஞ்சில் அடித்தார்.

கிணற்றடியில் இருந்து ஈரத் துவாயோடு முத்துக்குமாரு வந்தார். மச்சானின் செத்தவீட்டுக்குப் போகக் குளித்துக்கொண்டிருந்தவர்.

"என்ன, ஆருக்கு என்ன?"

தோரணம் கட்டியவன்தான் மெல்ல, "உங்களுக்குத்தான் ஐயா," என்றான்.

முத்துக்குமாரு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரரில் வந்ததும் பார்வை நின்றது. "இப்ப சொன்னதை இன்னொருக்காச் சொல்லும் பாப்பம்," என்றார். பக்கத்து வீட்டுக்காரர் வேலியைப் பார்த்தார்.

பிறகு முத்துக்குமாரு சுபாஸ்கரனிடம் வந்தார். "தம்பி, உதை உருட்டிக்கொண்டு போ. உருட்டிக்கொண்டு போய், செத்தது தம்பிஐயா, முத்துக்குமாரு இருக்கிறார் எண்டு ஆறுதலாச் சொல்லு. எல்லா ஒழுங்கைக்கும்."

வெய்யிலில் சாலியை உருட்டிக்கொண்டு ஊர் முழுக்கச் சொன்னான். தம்பிஐயாவின் கிரியைக்கு இரண்டு மடங்கு சனம் வந்தது. அரைவாசிப் பேர் முத்துக்குமாருவைப் பார்க்க வந்தவர்கள்.

அடுத்தநாள் மயிலிட்டிக்குப் போய், "சின்னக் காபரேற்றரைப் போடு," என்றான்.

சூசைதாசன் சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டான். "கேம்?"

"அதையும் மட்டாப் போடு. கதையாதை. போடு."

மாற்றின பிறகு ஓட்டிப் பார்த்தான். சாலி நடை வேகத்தில் அமைதியாகப் போனது. முறுக்கினால் முன்சில்லு தரையை விட்டுக் கிளம்பியது. சுபாஸ்கரன் இறங்கி நின்று அதைப் புதுசாய்க் கண்டவன்போலப் பார்த்தான். உள்ளே ஒன்றுக்கொன்று பொருந்தின எஞ்சின் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் அவனுக்கு விளங்கியது.

போட்டி நாளில் வெளியூர்ச் சனமும் வந்து நிறைந்துவிட்டது. கமக்காரர் மாடில்லாமல் வந்திருந்தார். முதல் ஓட்டத்தில் கோண்டாவில் பெடியன் ஒருவனைச் சுபாஸ்கரன் வென்றான். அடுத்ததில் ஒரு கராஜ் முதலாளியை வென்றான். வினோஜா தொண்டை கிழியக் கத்தினாள். அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அவனுக்கே தெரியாது.

இறுதி ஓட்டத்தில் பக்கத்தில் ஒரு சிவப்புச் சாலி வந்து நின்றது. ஓடுகிறவர் ஒல்லி, முகம் முழுக்க மூடின ஹெல்மெட். கொடி விழுந்தது. சுபாஸ்கரன் நன்றாகத்தான் பாய்ந்தான். பாதித் தூரம் இரண்டும் ஒன்றாகவே போயின. பிறகு சிவப்புச் சாலி ஒரு சில்லளவு முன்னே போய், அந்த ஒரு சில்லைக் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

ஹெல்மெட் கழன்றது. சூசைதாசனின் மகள் ஜெசிதா.

"மச்சான், இது என்ன துரோகம்?"

"பிள்ளை தனக்கும் ஒண்டு வேணுமெண்டது. செய்து குடுத்தனான்," என்றான் சூசைதாசன், எங்கே பார்ப்பது என்று தெரியாமல். "நீ கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்."

இரண்டாம் பரிசு ஒரு ரைஸ் குக்கர். அதை வினோஜா வாங்கி அணைத்துக்கொண்டாள். சாலியும் இனித் தன்னுடையது, அதில் ஒரு நட்டைக்கூடத் தொடக்கூடாது என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டாள்.

சுபாஸ்கரனுக்குக் கோபம் வரவில்லை. சனம் கலைந்துகொண்டிருந்தது. அவன் போய்ச் சிவப்புச் சாலிக்குப் பக்கத்தில் குந்தி, இன்னும் சூடு ஆறாத சிலிண்டரைச் சாய்ந்து சாய்ந்து பார்த்தான்.

"பிள்ளை, உள்ளுக்கு என்ன பிஸ்டன்?"

ஜெசிதா தகப்பனைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"சொல்லமாட்டன் மாமா."

"கேமாவது?"

"அதுவும் சொல்லமாட்டன்."

"சரி, கிளச் ஸ்பிரிங் எத்தினை எண்டாவது சொல்லன்," என்று அந்தக் கனத்த குரலில் அவன் கெஞ்ச, அந்தப் பக்கமாகப் போன இரண்டு பேர் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினார்கள்.