அப்பம் என்றால் அரிசி

தபீதாளுக்குச் சாப்பாடு கொடுக்காத வீடு சேலையூரில் ஒன்றே ஒன்றுதான். அது ஆண்டவருடைய வீடு.

கேம்ப் ரோட்டில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் தபீதாள். நாற்பத்தேழு வயது. பின்சீட்டில் உட்கார்ந்து, "ப்ரேக்க புடிமா, என் உசுர புடிக்காத" என்று அதட்டும் அந்தக் குரல் சுற்றுவட்டாரம் அறிந்தது. அவருக்குப் பல வருடமாக வயிற்றுப்போக்கு, ரத்தசோகை. அல்சர் என்றார் ஒரு டாக்டர். பேய் என்றார் ஒரு ஜெப வீட்டுக்காரர். எண்ணெய் பூசிக் காணிக்கையும் வாங்கிக்கொண்டார். கடைசியில் குடலிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தபோதுதான் நோயின் பெயர் சீலியாக் என்று தெரிந்தது. கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் துளி உள்ளே போனாலும் உடம்பு தன் குடலையே தாக்கும். மருந்து கிடையாது. கோதுமையை விட்டு விலகியிருப்பதுதான் மருந்து.

"நாமதான் சோறு துன்றவங்களாச்சே, உனக்கு இன்னா கஷ்டம்?" என்றார் கணவர் பென்னி. பிறகு அவரும் கற்றுக்கொண்டார். கடைப் பெருங்காயத்தில் மைதா கலந்திருக்கிறது. கலக்காதது யானை விலை. மாவு மில்லில் முன்னால் அரைத்தவருடைய கோதுமை இவருடைய கேழ்வரகோடு சேர்ந்துகொள்ளும். அதனால் வீட்டிலேயே ஓர் அரவை மிஷின், தவணையில். பையின்மேல் 'குளூட்டன் இல்லாதது' என்று ஆங்கிலத்தில் அச்சடித்துவிட்டால் சூப்பர் மார்க்கெட்டில் அரிசி மாவே மூன்று மடங்கு விலை. அரிசியில் அது எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. நோயாளியின் பயத்தைக் கிலோ கணக்கில் விற்பதைத் திருட்டு என்று எந்தச் சட்டமும் சொல்லாததால், அதற்குப் பெயர் வியாபாரம்.

இதையெல்லாம் தபீதாள் சமாளித்தார். சமாளிக்க முடியாதது மாதத்தின் முதல் ஞாயிறு. அன்று கோயிலில், அவர்கள் சர்ச்சுக்குச் சொல்லும் பெயர் அது, திருவிருந்தில் இயேசுவின் உடலென்று கொடுக்கும் வெள்ளைப் பில்லை சுத்தக் கோதுமை. எல்லோரும் எழுந்து போக, இவர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். சபையில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஏதோ பாவத்தில் மாட்டிக்கொண்டவள். ஸ்கூட்டர் கற்றுக்கொள்ள வரும் பெண்ணின் அண்ணனோடு தொடர்பு என்று கதை கட்டினார்கள்.

"யாருனு காட்டுங்க, நானும் பாக்கறேன். ஆளு நல்லா இருந்தா யோசிக்கலாம்," என்று சிரித்தார் தபீதாள். ஆனால் இரண்டு பெண்கள் வகுப்புக்கு வருவதை நிறுத்தினார்கள். கோயிலில் அவர் பக்கத்து இடம் காலியாகவே கிடந்தது. இனி எல்லோரோடும் முழங்காலிட்டு வாங்கியே தீருவது என்று முடிவு செய்தார்.

கோதுமை இல்லாத பில்லை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். அதைச் சபை வாங்கித் தருமா என்று கமிட்டியில் கேட்டார்.

"ஒருத்தருக்காக சபைக் காசா?" என்றார் பொருளாளர் அசரியா. "விசுவாசத்தோட வாங்கிக்கோம்மா, ஒண்ணும் ஆவாது."

"உனக்கு சுகர் கீதே அண்ணா. விசுவாசத்தோட ஒரு கிலோ ஜாங்கிரி துன்னு காட்டேன்."

அந்த வருடம்தான் கோயிலுக்கு ஏசி போட்டிருந்தார்கள். ஏசிக்குக் கீழே நன்கொடையாளர் பெயரைக் கல்லில் பொறிக்கலாம். பில்லையில் எங்கே பொறிப்பது?

போதகர் ஜோஷ்வா சமாதானமாகப் பேசினார். "நம்ம இஷ்டத்துக்கு மாத்த முடியாதும்மா. கோதுமைதான் முறை."

"ஐயா, மாசாமாசம் கைல எடுத்து இன்னான்னு சொல்றீங்க?"

"அப்பம்."

"அப்பம் எதுல சுடுவாங்க?"



"அரிசில," என்றார் கமிட்டியில் ஒருவர், பழக்கதோஷத்தில்.

"அவ்ளோதான். கோதுமைய குடுத்துட்டு அப்பம்னு சொல்லிகினு இருக்கறது நீங்க. நான் ஒண்ணும் மாத்தல."

பைபிளை மொழிபெயர்த்த எந்த வெள்ளைக்காரரோ, ரொட்டிக்குத் தமிழ் தேடியபோது அடுப்படிப் பக்கம் எட்டிப்பார்க்காமலே இந்தச் சொல்லைப் பிடித்திருப்பார். அது கடைசியில் ஒருவருக்காவது உதவியது. கத்தி முடித்த கமிட்டி, 'அவரே தன் செலவில் சுட்டுக் கொண்டுவரலாம்' என்று தீர்மானம் போட்டது. தாராளம் என்றால் அப்படியொரு தாராளம்.

அடுத்த முதல் ஞாயிறு, மெல்லிய அரிசி அப்பம் ஒன்று மூடிய கிண்ணத்தில் பலிபீடத்துக்குப் போனது. முதலில் கமிட்டிக்காரர்கள், பிறகு மற்றவர்கள் என்பது அந்தச் சபையின் எழுதாத சட்டம். தபீதாள் நடுவில் முழங்காலிட்டிருந்தார். பில்லைகளைக் கொடுத்துக்கொண்டே வந்த போதகர் கிண்ணத்தைத் திறந்து கையை விடப் போனார். விரல் நுனியெல்லாம் வெள்ளைத் துகள்.

"ஐயா, கை," என்றார் தபீதாள் மெல்ல.

"என்னம்மா?"

"கைல கோதுமை. கழுவிட்டு வாங்க."

போதகர் அங்கியைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனார். குழாய்ச் சத்தம் அவர் சட்டையில் மாட்டியிருந்த மைக் வழியாகக் கோயில் முழுக்கக் கேட்டது. முட்டி வலித்தவர்கள் முனகினார்கள். பாடகர் குழு முடிந்த பாட்டை மறுபடி தொடங்கியது. போதகர் ஈரக் கையோடு வந்து கொடுத்தார். தபீதாள் நிதானமாக மென்றார்.

மறு மாதம் போதகர் கமிட்டியைக் கேட்கவில்லை. நடுவில் ஓடுவதைவிட, கை சுத்தமாக இருக்கும்போதே கொடுத்துவிடுவது சுலபம். "சகோதரி தபீதாள் முதலில் வரவும்," என்று மைக்கில் சொன்னார். பாதி தூரம் வந்துவிட்ட அசரியா வழியை அடைத்துக்கொண்டு நின்றார்.

"தள்ளுண்ணா," என்றார் தபீதாள். "பாவி வந்துகினு கீறேன்."