துடைத்த முகம்

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால், மாடியில் சலூன் வைத்திருக்கும் நிரஞ்சலா ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். கொழுந்துக் கூடையைத் தொடவே மாட்டேன் என்று அடம்பிடித்து, தையல் படிக்கிறேன் என்று வீட்டில் புளுகிவிட்டு அழகுக்கலை படித்தாள். குட்டு வெளிப்பட்ட அன்றைக்கு வாங்கிய அடியை இப்போதும் சிரித்துக்கொண்டே சொல்வாள். இன்று அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் கல்யாணம் என்றால், பெண் சோடிக்க அவளைத்தான் தேடி வருகிறார்கள்.

பூசுவது என்ன பெரிய வித்தையா, கலைப்பதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது என்பது அவள் கட்சி. பூச்சோடு படுத்துத் தூங்கிவிட்டு, முகமெல்லாம் பருவோடு வந்து நிற்கும் புதுப்பெண்களை ஒரு பிடி பிடித்துவிடுவாள். "சவுக்காரத்தப் போட்டு அப்பிடித் தேய்க்கிறீங்களே, அது மொகமா கறிச்சட்டியா?" என்பாள். பிறகு கிளென்சிங் ஒயில் போத்தலை எடுத்துக் காட்டுவாள். முகமும் காய்ந்திருக்க வேண்டும், கையும் காய்ந்திருக்க வேண்டும். நாலு சொட்டு விட்டு மெதுவாகத் தேய்த்தால், மழைக்கும் வேர்வைக்கும் அசையாத பூச்சுகூடக் கரைந்துவிடும். அப்புறம் வெந்நீர் தொட்டால் எண்ணெய் பால்போல வெளுக்கும், கழுவிவிட வேண்டியதுதான்.

அதே லயத்துப் பிள்ளை நிலுக்ஷி. அம்மா மதலேனாவுக்கு ஒரே மகள். நிலுக்ஷிக்குப் பதினாறு வயதில் இடது கண்ணுக்குக் கீழே வெள்ளைத் தேமல் ஒன்று விழுந்து, தாடை வரைக்கும் இறங்கிவிட்டது. ஒட்டுகிற நோயில்லை, உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை என்று டாக்டர் சொன்னார். சொல்லி என்ன, ஊர் கேட்கிறதா? பெண் பார்க்க வந்தவர்கள் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனதோடு சரி. பாவம், அந்தப் பிள்ளை ஆள் வரும் சத்தம் கேட்டாலே முந்தானையை இழுத்துக் கன்னத்தை மூடிக்கொள்ளும். பார்க்கச் சகிக்காமல் நிரஞ்சலாதான் தோலின் நிறத்துக்கு அச்சாகப் பூச்சு கலந்து கொடுத்தாள்.

கட்டாரில் வேலை செய்யும் ஜீவராஜின் சம்பந்தம் அந்தப் பூச்சுக்குப் பிறகு வந்தது. போனில் பேசிப் பழகினார்கள், லீவில் வந்தபோது நேரிலும் பார்த்தார்கள். ஒருநாளும் நிலுக்ஷி வெறும் முகத்தோடு அவன் முன்னால் போகவில்லை.

"இப்பவே சொல்லிருங்கக்கா," என்று நிரஞ்சலா மதலேனாவிடம் சொல்லித்தான் பார்த்தாள்.

"தாலி ஏறட்டும் புள்ள. அதுக்குப் பொறவு நானே சொல்றேன்," என்றாள் மதலேனா. பெற்றவளுக்கு மேலே பேச நிரஞ்சலா யார்?

மதலேனா வீட்டார் கத்தோலிக்கர். ஜீவராஜ் வீட்டார் லுணுகலைப் பக்கம் ஒரு ஜெபசபையைச் சேர்ந்தவர்கள். நகை கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். மதலேனாவும் மகளின் தோட்டைக்கூடக் கழற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். முகப்பூச்சைப் பற்றி அவர்கள் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. கோவிலுக்குப் போகிற கல்யாணப்பெண் பூச்சில்லாமல் போவாளா என்ன?

கல்யாணத்தன்று சபை வாசலில் வேனை விட்டு இறங்கியதும், பாஸ்டரின் மனைவி நிலுக்ஷியைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார். மதலேனாவும், பெண் சோடித்துக் கூடவே வந்த நிரஞ்சலாவும் பின்னால் போனார்கள்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. நம்ம சபையில பூச்சோட கல்யாணம் நடத்துறதில்ல. மொகத்தக் கழுவிட்டு வந்துருங்க."

கடுகடுப்பாகச் சொல்லியிருந்தால் நிரஞ்சலா ஒரு கை பார்த்திருப்பாள். அந்த அம்மாவோ வீட்டுப் பிள்ளையிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, வெந்நீரும் கொண்டுவந்து வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

மதலேனா நிரஞ்சலாவின் காதில், "அந்தக் கன்னத்த மட்டும் விட்டுரு," என்றாள். 

நிரஞ்சலா கண்ணைத் துடைத்தாள், உதட்டைத் துடைத்தாள், வலது கன்னத்தைத் துடைத்தாள். இடது கன்னத்தை ஈரத்துணியால் சும்மா தடவிவிட்டாள். பூச்சு அசையவில்லை. பாஸ்டரின் மனைவி ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து அந்தக் கன்னத்தில் அழுத்திப் பார்த்தார். பஞ்சில் மாநிறம் ஒட்டியது.

"இன்னும் வருதே. முழுசா எடுத்துருங்க."

நிரஞ்சலா எண்ணெய்ப் போத்தலைக் கையில் எடுத்தாள். தானே நிறம் பார்த்துக் கலந்ததைத் தானே கரைத்து எடுக்க வேண்டுமா? போத்தலைத் தூக்கி எறிந்துவிட்டுப் போகலாம்போல இருந்தது. போனால் மட்டும் என்ன ஆகப்போகிறது? கழுவாத பெண்ணைச் சபைக்குள் விடமாட்டார்கள்.

"எடுங்கக்கா," என்றாள் நிலுக்ஷி.

எடுத்தாள். ஈரத்தை ஒற்றிவிட்டுத் தேய்த்ததும் எண்ணெய் அதன் வேலையைச் சுத்தமாகச் செய்தது. வெந்நீரில் கழுவித் துணியால் ஒற்றியபோது வெள்ளை முழுதாகத் தெரிந்தது. பாஸ்டரின் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. நிலுக்ஷியின் தலையைத் தடவிக் கொடுத்தார். பிறகு போய் ஜீவராஜின் தாயை அழைத்துவந்தார்.

அந்தத் தாய் ஏசவில்லை. அழுதுகொண்டிருந்த மதலேனாவைத் தோளில் தட்டிக் கொடுத்துவிட்டு, பாஸ்டரைக் கூப்பிட்டு அனுப்பினாள். கல்யாணத்தை நடத்தத் தடையில்லை என்று பாஸ்டர் சொன்னார்.

"மொதல்ல பிள்ளைக்காக ஜெபிப்போம் பாஸ்டர்," என்றாள் ஜீவராஜின் தாய்.

நிலுக்ஷியை முன்னால் நிறுத்தினார்கள். சபை முழுதும் அந்த முகத்தை நோக்கிக் கை நீட்டி ஜெபித்தது. கதவோரம் நின்ற நிரஞ்சலாவும் கண்ணை மூடி, அவளுக்குத் தெரிந்த மாரியம்மாவைக் கும்பிட்டாள். ஜெபம் முடிந்ததும் எல்லாரும் கண்ணைத் திறந்து அந்தக் கன்னத்தைத்தான் பார்த்தார்கள். நிரஞ்சலாவும் பார்த்தாள். அது அப்படியே இருந்தது.

"கர்த்தர் கட்டாயம் சுகம் குடுப்பாரு. சுகமானதும் கல்யாணத்த வச்சுக்குவோம்," என்றாள் ஜீவராஜின் தாய்.

ஜீவராஜ் நிலுக்ஷியைப் பார்த்தான், தாயைப் பார்த்தான். "அம்மா சொல்றதும் சரிதான்," என்றான்.

சபை ஆமென் சொன்னது. வேண்டாம் என்று யாராவது வாய்விட்டுச் சொல்லியிருந்தால், நிரஞ்சலா சண்டை பிடித்திருப்பாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல நாலு கேள்வி கேட்டிருப்பாள். இங்கே ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவே இல்லையே. ஆசீர்வாதம் பண்ணுகிறவர்களோடு எப்படிச் சண்டை பிடிப்பது? 

வந்த வேன் மாப்பிள்ளை வீட்டு வேன். அதில் திரும்பிப் போக மதலேனா சம்மதிக்கவில்லை. பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றார்கள். கடைகளில் இருந்த சனம் வெள்ளைச் சேலைக்காரியை எட்டி எட்டிப் பார்த்தது. நிரஞ்சலா அவசரமாகப் பெட்டியைத் திறந்தாள்.

"இந்தப் பக்கம் திரும்பு தங்கச்சி. பஸ் வர்றதுக்குள்ள லேசாப் போட்டு விட்டுர்றேன்."

நிலுக்ஷி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்கக்கா. சுகமாயிருச்சான்னு சபைக்காரங்க வாராவாரம் வந்து பாப்பாங்களாம். இனி நான் பூசிக்கிட்டு வெளிய போனா, கர்த்தர் சுகம் குடுத்துட்டாருன்னு சபையில ஏறிச் சாட்சி சொல்லச் சொல்லுவாங்க."