தையல் கூலிக்கு ஒரு மரக்கிண்ணம்

கம்பத்தில் மரத்துக்கு விலை சொல்லத் தெரிந்தவர் என்று அபுபக்கருக்குப் பெயர். மர அறுவை மில் ஒன்றில் இருபது வருடம் அளவு எழுதினார். லாரியில் கிடக்கும் கட்டையைத் தெருவிலிருந்து பார்த்தே இத்தனை கன அடி என்பார். டேப் வைத்தால் கொஞ்சம் முன்னே பின்னே வரும். அதற்கு டேப்பைக் குறை சொல்வார். 2003-ல் மில்லை மூடிவிட்டார்கள். அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது. ஊரார் மரத்துக்கெல்லாம் விலை சொன்னவர், தன் கையால் செய்த கிண்ணத்துக்கு விலை சொல்லப்போய்த் திண்டாடிய கதை அதற்குப் பிறகு நடந்தது.

கிண்ணத்தை அவர் முதலில் பார்த்தது குமுளி லாட்ஜ் ஒன்றில், யாரோ வெள்ளைக்காரர் விட்டுப்போன பழைய பத்திரிகையில். இங்கிலீஷ் தெரியாததால் படத்தை மட்டும் படித்தார். தட்டையான ஒரு பலகை. அதை மெல்லிய ரம்பத்தால் சாய்வாக, ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்களாக அறுக்க வேண்டும். சாய்வாக அறுப்பதால் ஒவ்வொரு வளையத்தின் அடியும் அடுத்த வளையத்தின் தலையில் கச்சிதமாக உட்காரும். அடுக்கி ஒட்டித் தேய்த்தால் கிண்ணம். கடைசல்காரன் முழுக் கட்டையை எடுத்து முக்கால்வாசியைச் சுருளாக உதிர்ப்பான். இதில் உதிர்வது ஒரு பிடி தூள்தான். இருபது வருடம் மரம் வீணாவதைப் பார்த்தவருக்கு அது போதுமாக இருந்தது.

ரம்பத்தை ஆட்ட மிஷின் வேண்டுமே. வீட்டில் ஒரு மிஷின் இருந்தது: மனைவி ஷரீபாவின் தையல் மிஷின். ஆடி மாதம், தையல் வேலை படுத்துக் கிடந்தது. தலையைக் கழற்றிவிட்டு, மிதியோடு ஒரு மரச்சட்டத்தைப் பூட்டி ரம்பத்தை மாட்டினார். கழற்றிய தலையும் சும்மா இருக்கவில்லை. பசை காயும்வரை வளையங்களின் மேல் பாரமாக உட்கார்ந்தது.

ஷரீபா ஒரு நிபந்தனை வைத்தார்.

"பராத்து வரைக்கும் வச்சுக்கங்க. அதுக்குள்ள பத்துக் கிண்ணம் வித்துட்டீகன்னா மிஷின் ஒங்களுக்கே. விக்கலைன்னா தலைய மாட்டிருவேன். பெருநாளுக்குத் தைக்கணும்ல."

"பத்து என்ன, இருவதே போகும்."

"இருவது வேணாம். பத்து போதும்."

நோன்புக்கு இரண்டு வாரம் முன்னால் வரும் பராஅத், அந்த வருடம் ஐப்பசிக்குச் சற்று முன்பு. கையில் இரண்டரை மாதம் இருந்தது.

அபுபக்கர் விலை போட்டார். மரம் பதினான்கு ரூபாய், பிளேடும் பசையும் பதினேழு, மற்றதெல்லாம் ஒன்றரை நாள் உழைப்பு. இருநூற்று இருபத்தைந்து. முதல் கிண்ணத்தோடு பஸ் ஏறிக் குமுளிக்குப் போனார். சுற்றுலாக்காரர்களுக்குப் பொருள் விற்கும் மலையாளக் கடைக்காரர் அதைக் கையில் வாங்கி, எடை பார்ப்பதுபோல் இரண்டு முறை தூக்கிப் பார்த்தார். பிறகு பக்கவாட்டில் விரலை ஓட்டினார்.

"இது ஒட்டிச்சதல்லே, பாய்?"

"ஒட்டினாத்தான் கிண்ணம்."

"ஒட்டுப்போட்ட சாதனம் ஆரு வாங்கும்? அறுபது தராம்."

பக்கத்து அலமாரியில் ஒரே கட்டையில் கடைந்த கிண்ணம் நானூறு ரூபாய்க்கு இருந்தது. மரத்தை வீணாக்கியவனுக்கு நானூறு, மிச்சம் பிடித்தவனுக்கு அறுபது. அபுபக்கர் கிண்ணத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு திரும்பினார்.

ஆவணி முகூர்த்தம் தொடங்கியது. எதிர்வீட்டு மாரீஸ்வரி ஜாக்கெட் துணியோடு வந்தார். மிஷினில் தலை இல்லை. கழற்றிவைத்த தலைக்கடியில் ஒரு கிண்ணம் காய்ந்துகொண்டிருந்தது.

"என்னக்கா இது, பாய் மரத்துல தச்சிருக்காகளா?"

"எம் மிஷின்லதான்" என்றார் ஷரீபா. "ஒன் ஜாக்கெட்ட எந்தங்கச்சி மிஷின்ல தச்சுத் தாரேன், வச்சுட்டுப் போ."

மாரீஸ்வரி கிண்ணத்தின் பக்கவாட்டில் விரலை ஓட்டினார், குமுளிக்காரர் ஓட்டிய அதே இடத்தில். "தையல் நெருக்கமா விழுந்திருக்கே. எம்புட்டு பாய்?"

"இருநூத்தி இருவத்தஞ்சு."

"துணியோடவா, கூலி மட்டுமா?"

அபுபக்கர் வாயைத் திறப்பதற்குள் ஷரீபா சொன்னார்: "பலகை நீ கொண்டாந்தா கூலி நூத்தம்பது."

"அப்பச் சரி. கடமலைக்குண்டுல எங்காத்தா வீட்ல பழைய பலாக் கதவு ஒண்ணு கெடக்கு. தச்சுக் குடுங்க."

மரவேலையும் தச்சுதான், தைத்து என்பதும் பேச்சில் தச்சுதான். அபுபக்கருக்கு அந்தப் பொருத்தம் ரசிக்கவில்லை.

"பதினாலு ரூவா மரத்தக் கொண்டாந்ததுக்கு எழுவத்தஞ்சு ரூவா கழிவா? இது என்ன கணக்கு?"

"அவ வெலையா கேட்டா? கூலிதான கேட்டா."

அந்த ஊரில் எந்தப் பொருளுக்கும் பாதி விலையிலிருந்துதான் பேச்சு ஆரம்பிக்கும். தையல் கூலியில் மட்டும் யாரும் கை வைப்பதில்லை. கூலியில் பிடித்தால் ஜாக்கெட் அக்குளில் பிடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மாரீஸ்வரி நூற்றைம்பதை எண்ணி வைத்துவிட்டு, பிறந்தவீட்டுக் கதவைக் கிண்ணமாக எடுத்துப் போனார். அதைப் பார்த்தவர்கள் தொட்டில் கால், கட்டில் பலகை என்று எடுத்து வந்தார்கள். தையல் என்று ஆனபின் ஒட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஒட்டில்லாத தையல் ஏது?

பராஅத் அன்று ஷரீபா கேட்டார்: "எத்தன வித்தீக?"

"பதினொண்ணு."

"அது தச்சது. வித்தது எத்தன?"

வாழ்நாள் முழுக்க அளவில் கறாராக இருந்தவரால் அதை மறுக்க முடியவில்லை. "ஒண்ணுமில்ல."

ஷரீபா ரம்பச் சட்டத்தைக் கழற்றினார். தலையை மாட்டினார். எண்ணெய் விட்டார். மறுநாள் பதினோரு கூலியிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு தேனிக்குப் போய், பழைய இரும்புக் கடையில் தலையில்லாத மிஷின் ஒன்று வாங்கி வந்தார்.

"நிபந்தனையில இது இல்லையே" என்றார் அபுபக்கர்.

"இது விக்கிறவுகளுக்கு இல்ல. தைக்கிறவுகளுக்கு."

குமுளி போய்வந்த முதல் கிண்ணம் மட்டும் அலமாரியிலேயே நின்றது. விற்பனைக்கென்று செய்தது, இருநூற்று இருபத்தைந்துக்கு ஒரு ரூபாய் குறைக்க மாட்டேன் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். கூட்டவும் தோன்றவில்லை. 2009-ல் மாரீஸ்வரி தன் மகளின் கல்யாணச் சீருக்கென்று மறுபடி ஒரு பலகையோடு வந்தபோது கூலி முந்நூற்றைம்பது ஆகியிருந்தது.

"அந்தா இருக்கே, அது எம்புட்டு பாய்?"

"இருநூத்தி இருவத்தஞ்சு. மரத்தோட."

மாரீஸ்வரி அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இருந்த இடத்திலேயே வைத்தார்.

"வேணாம் பாய், அது ரெடிமேடு. நீங்க இதத் தச்சே குடுங்க."