மூஞ்சூறும் நத்தையும் ஒரு கால்வாயும்

போன மாதம் பாகலூர் ரோட்டருகே ஒரு கால்வாய் வளைந்தது. காரணம் – ஒரு மூஞ்சூறு!

புதிதாக வந்திருக்கும் ஃபேக்டரி, கழிவுநீருக்கு நேராகக் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தது. வழியில் பிள்ளையார் மேடை. அதற்கடியில் மூஞ்சூறு வளை. ஊர்க்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

"ஒரு எலிக்காகவா நிறுத்துதீங்க?" என்றார் திருநெல்வேலிக்காரரான இன்ஜினீயர்.

"எலியா? சாமி வண்டி சார் அது. நீங்க ஸ்கூட்டர்ல வர்றீங்க, அவரு அதுல வர்றாரு" என்றார் ஊர்த்தலைவர் திம்மராயப்பா.

ரிட்டையர்டு ரெவின்யூ ஆசாமி ஆயிற்றே என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் வகைப்பாட்டைத் திருத்தினேன். மூஞ்சூறு எலியே இல்லை. எலி கொறிக்கும், இது பூச்சி தின்னும். குட்டி போட்டுப் பால் கொடுப்பதால் நமக்கே தூரத்துச் சொந்தம்!

கால்வாயை வளைத்துப் பக்கத்திலிருந்த குட்டையில் விடுவதென்று முடிவானது. டீ வந்தது.

அப்போதுதான் முனியம்மா எழுந்தார். அந்தக் குட்டையில் நத்தை பொறுக்கிச் சந்தையில் விற்பவர்.

"அப்ப நத்தைங்க?"

"நத்தைக்கெல்லாமா பஞ்சாயத்து?" என்று யாரோ சிரித்தார்கள்.

"சிரிங்க... மூலத்துக்கு நல்லதுன்னு எங்க வூட்டாண்ட வந்து நிக்கும்போது யாரும் சிரிக்கறதில்லயே!"

சிரிப்பு நின்றது. முனியம்மா என்னிடம் திரும்பினார். "எந்த ஆபீசுல சார் எழுதிக் குடுக்கறது?"

மீன் என்றால் மீன்வளத்துறை. மான் என்றால் வனத்துறை. மாட்டுக்குக்கூட ஒரு டாக்டர் உண்டு. நத்தைக்கு? முதுகெலும்பில்லாத மெல்லுடலி, சிப்பிக்குச் சொந்தம். சிப்பிக்கு ஏது செல்வாக்கு?

"கலெக்டருக்கு மனு போடலாம். பதில் வருவதற்குள் கால்வாய் வந்துவிடும்" என்றேன்.

"அப்ப ஒரு சாமிய இது மேல ஏத்தி உடுங்க சார்!"

நத்தை மேல் ஏறிப்போகும் பொறுமை எந்தச் சாமிக்கு இருக்கிறது?

அறிவியல் முதுகெலும்பைப் பார்த்து உயிர்களைப் பிரிக்கிறது. நாம் சிபாரிசைப் பார்த்துப் பிரிக்கிறோம். மனு போட்டோம். பதில்... இன்னும் இல்லை.

நேற்று போய்ப் பார்த்தேன். மேடையடியில் வளை காலி. புல்டோசர் சத்தம் தாங்காமல் மூஞ்சூறு எப்போதோ இடம் மாறிவிட்டதாம். குட்டையில் கறுப்புத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. முனியம்மா முழங்காலளவு சேற்றில் நின்று, நத்தைகளைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார். விற்க அல்ல, பக்கத்து ஊர் ஏரியில் கொண்டுபோய் விடுவதற்கு.

"எத்தனையைத்தான் தூக்கிக்கொண்டு போவீர்கள், அம்மா?"

"இன்னா சார் பண்றது? அதுங்களுக்கு ஓடத் தெரியாதே!"

ஓடத் தெரிந்ததற்குத்தான் நாங்கள் பாதுகாப்புக் கொடுத்திருந்தோம்.