சித்தப்பாவின் கை நடுக்கம்

என் சித்தப்பா முடி திருத்துபவர். நெஞ்சுவலிக்காக ஆஞ்சியோகிராம் எடுத்த சில வாரங்களில் அவருடைய கை நடுங்க ஆரம்பித்தது. உடம்பும் இளைத்தது. சவரக் கத்தியைத் தொடாமல், மெஷினால் முடி மட்டும் வெட்டினார். தொழில் போய்விடுமோ என்ற பயத்தை வெளியே காட்டவில்லை.

அடுத்த முறை இருதய டாக்டரிடம் போனபோது சித்தி போட்டு உடைத்தாள். "இவருக்குக் கை நடுங்குது டாக்டர்."

"இவர் பாக்கிறது இருதயம். இவர்கிட்ட போய் கையைப் பத்திச் சொல்றியே," என்றார் சித்தப்பா.

"ஆமா, கை பக்கத்து வீட்டுக்காரரோடது பாருங்க."

டாக்டர் சிரித்துக்கொண்டே ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். ஆஞ்சியோவுக்காகச் செலுத்திய மருந்தில் இருந்த அயோடின் தைராய்டை அளவுக்கு மீறித் தூண்டிவிட்டிருந்தது; கை நடுங்கியதும் உடம்பு இளைத்ததும் அதனால்தான். மாத்திரையில் நடுக்கம் மெல்ல அடங்கியது.

சித்தப்பா முதலில் தன் முகத்தைத்தான் மழித்துப் பார்த்தார். கீறல் இல்லை. பிறகு வாசலில் காத்திருந்தவரை உள்ளே கூப்பிட்டார்.