கையில் புத்தகம் இல்லாத பேஸ்காரன்

அறுப்பின் பண்டிகைக்கு ஆறு வாரம் இருக்கும்போது எங்கள் சபைப் பாடகர் குழுவின் தலைவி ஓர் உத்தரவு போட்டாள். இந்த முறை யார் கையிலும் புத்தகம் இருக்கக் கூடாது. பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை ஒவ்வொருவரும் தனியாகப் பாடிக் காட்ட வேண்டும். தவறுகிறவர் பண்டிகையன்று பெஞ்சில் உட்காரலாம். அவள் காரக்கோணம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊசி போடுகிற அதே முகத்தோடு சொன்னாள்.

தாலுகா ஆபீசில் வேலை பார்த்தவன் நான். எழுத்தில் வராத உத்தரவு செல்லாது என்றேன். மறுநாள் வாட்ஸாப்பில், எல்லாம் மனப்பாடம் என்று எழுத்தில் வந்தது.

ஓய்வு பெற்றபின், நான் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கிற இடம் ஆண்களின் கீழ்க்குரலான பேஸ் வரிசை ஒன்றுதான். அதையும் விட்டுப் பெஞ்சில் உட்கார எனக்கு மனமில்லை.

எங்கள் குழுவில் முதலில் டோ ரே மீ என்று சுரத்தைப் படிப்போம். பிறகு அதன்மேல் சொல்லை ஏற்றுவோம். மெட்டெல்லாம் பெண்களுக்குப் போய்விடும். பேஸுக்கு மிஞ்சுவது, இரண்டு மேஜைக்கு நடுவே போய்வரும் கோப்பு மாதிரி ஸோ, டோ, டோ, ஸோ. அதைக் குளத்தூர் பஸ்ஸில் முணுமுணுத்தேன். ரேஷன் கடை வரிசையிலும் முணுமுணுத்தேன். இரண்டு இடத்திலும் ஆட்கள் சற்றுத் தள்ளி நின்றார்கள். பெண்களின் மேல்குரலான சோப்ரானோ பாடும் என் மனைவி மீன் நறுக்கிக்கொண்டே ஒரு வாரத்தில் எல்லாப் பாட்டையும் முடித்துவிட்டாள்.

“பாட்டைப் படிங்க,” என்றாள்.

“படிச்சிட்டுதான் இருக்கேன்.”

“எங்க? டோ டோன்னு கோழியையாக்கும் விரட்டுதீய.”

சனிக்கிழமை என் முறை வந்தது. மூன்றாம் சரணத்தில் சொல் மறைந்துவிட்டது. குரல் மட்டும் நிற்கவில்லை. கடைசிவரை சுரத்திலேயே, தாளம் பிசகாமல் பாடி முடித்தேன்.

“சுரம் ஒண்ணும் தெத்தல்ல, எல்லாம் சரியாக்கும், கேட்டியளா,” என்றார் இருபது வருடமாக என் பக்கத்தில் நின்று பாடும் பழைய பஸ் டிரைவர். அவருக்குச் சுரம் வாசிக்கத் தெரியாது.

நான் அதைப் பிடித்துக்கொண்டேன். “உத்தரவில் மனப்பாடம்னுதான் இருக்கு. சொல்லுன்னு இல்ல.”

“சாரே, சபை கேக்க வாறது பாட்டாக்கும்,” என்றாள் தலைவி. “நாளைக்கு ஆராதனைக்கு முன்ன ஒரு சான்ஸ் உண்டு. அதுக்குமேல இல்ல.”

“நான் பக்கத்துல நிக்கேன். என் வாயப் பாத்துப் பாடட்டு,” என்றார் டிரைவர்.

“இத்தன வருஷமா அதுதானே அண்ணே நடக்குது?” என்றாள் தலைவி.

குழு முழுவதும் சிரித்தது. அவர்தான் என்னைப் பார்த்துப் பாடுகிறார் என்று இருபது வருடமாக நம்பியிருந்தேன்.

ஞாயிறு காலை, அங்கி மாட்டும் அறையில் தலைவி முன் நின்று மூன்றாம் சரணத்தைப் பாடினேன். கையைப் பின்னால் கட்டினேன், அவிழ்த்தேன், மறுபடி கட்டினேன். இரண்டாம் வரியில் ஒரு டோ உதடுவரை வந்தது; விழுங்கினேன். ஒரு தாளம் தாமதித்துச் சொல் வந்தது.

அவள் வாட்ச்சைப் பார்த்தாள். “போய் நில்லுங்க. ஆனா அண்ணன் பக்கத்துல வேண்டாம். அந்தக் கடைசில.”

ஆராதனையில் வரிசைக் கடைசியில், தூண் ஓரமாக நின்றேன். பார்த்துப் பாட ஒரு வாயும் இல்லை. மூன்றாம் சரணத்தில் மறுபடி சொல் மறைந்தது; டோ வெளியே வராதபடி ஒரு வரிக்கு உதட்டை மூடிக்கொண்டேன். பேஸில் ஒரு குரல் குறைந்தது சபைக்குத் தெரிந்திருக்காது. தலைவியின் கண் ஒரு கணம் தூணுக்கு வந்து போனது. அடுத்த வரியில் சேர்ந்துகொண்டேன். ஆமென் வரைக்கும் அங்கியின் நுனியைக் கை விடவே இல்லை.